மரக்கடை மெம்பர்

தென்காசி ரயிலடிக்குப் போகிற பாதையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய அந்த ஹைஸ்கூலுக்குக் கூரை போட்டபோது, உத்திரமும் கைமரமும் தளவாயின் மரக்கடையிலிருந்து பாதி விலைக்குப் போயின. அந்த நன்றிக்காக அவரைக் கமிட்டியில் ஒரு மெம்பராகப் போட்டார்கள். தளவாய் நாலாவது பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைவர் காந்திமதிநாதன் வக்கீலின் வீட்டு மச்சில் கூட்டம் கூடும். காராச்சேவும் சுக்குக் காப்பியும் வரும். ஹெட்மாஸ்டர் சங்கரநாராயணன் பீஸ் வரவு, சர்க்கார் கிராண்டு, வாத்தியார்கள் சம்பளம், சுண்ணாம்பு அடித்த செலவு என்று வாசிப்பார். எல்லோரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்குவார்கள். வகுப்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதும் தங்கள் வேலைதான் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஹைருன் பீவி கடைக்கு வந்த நாள் வரை தளவாய்க்கும் தோன்றவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், ஆனி மாதம். சாரல் இறங்கிவிட்டது. மேற்கே மலை தெரியவில்லை. கடை முற்றத்தில் செங்கோட்டையிலிருந்து வந்த தேக்குத் தடிகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. கொட்டகைக்குள் அறுப்புக்காரர்கள் இரண்டு பேர், ஒருவன் தடிமேல் நின்றும் ஒருவன் குழிக்குள் நின்றும் ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் நின்றவன் தலையெல்லாம் மரத்தூள். ஈர மரம் ரம்பத்தைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தளவாய் புதிதாக வந்த வேங்கைத் தடி ஒன்றைக் கோடாலிப் பிடியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைத் துப்பட்டியை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண் கொட்டகையின் ஓரத்தில் வந்து நின்றாள். கடையநல்லூரிலிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னாள். தறி நெய்கிற குடும்பம். புருஷன் பினாங்குக்குப் போய் வருஷக்கணக்காகிறது. கடிதமும் இல்லை.

"கதவுக்கு மரம் பாக்கியளா தாயி?" என்று தளவாய் கேட்டார்.

"மரத்துக்கு வரல மொதலாளி. பள்ளிக்கூடத்து விசயமா வந்தேன். எட்மாஸ்டர் ஐயாட்ட கேட்டேன். அதெல்லாம் கமிட்டிதான் பாக்கணும்னுட்டாக. கமிட்டின்னா யாருன்னு கேட்டேன். பக்கத்துல மரக்கடைக்காரவுக இருக்காக, போய்க் கேளுன்னாக."

"என்ன விசயம்?"

"எம் மூத்த மவன் ரெண்டு தடவ பெரிய பரீட்சை எழுதினான். ரெண்டு தடவையும் கணக்குல போயிட்டு. இப்பம் கொளும்புக்கு ஒரு கடைக்கு வேலைக்குப் போயிட்டான். அவன் போனது போகட்டும். அடுத்தவன இந்த வருசம் உங்க பள்ளிக்கூடத்துல சேக்கணும். அந்தக் கணக்குக் கிளாசு அப்படியேதான் இருக்குமா, மாறுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கணக்குக் கிளாசுக்கு என்ன?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சாருக்குக் காது கேக்கலியாமே. நல்ல மனுசராம். எம்மவன் அவர ஒரு சொல் கொறச்சுச் சொல்ல மாட்டான். பிள்ளைகளுக்குப் புரியலன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருவாராம். நான் ராவும் பகலும் தறில கெடந்துதான் பீஸ் கட்டுதேன் மொதலாளி. கட்டுத எடத்துல கேக்கலாம்லா?"

"கேக்கலாம்" என்றார் தளவாய். "நான் பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவள் கும்பிட்டுவிட்டுச் சாரலுக்குள் இறங்கிப் போனாள். தளவாய் கோடாலியைச் சாத்திவிட்டுத் தடியின்மேல் உட்கார்ந்தார். அந்தக் கணக்கு சார் சுந்தரபாண்டியன், தளவாயின் மனைவி செண்பகவல்லியின் கூடப்பிறந்த அண்ணன்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வயசு. கல்யாண உறவுக்கு முன்னாலேயே ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். தளவாய்க்குக் கடைக்கு வருகிறவர்களோடெல்லாம் பேச்சு உண்டு. ஆனால் மனசில் ஒன்று கிடந்தால் சொல்வதற்கு இருந்த ஆள் சுந்தரபாண்டியன் ஒருவர்தான். மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தரபாண்டியன், மனைவி ஆவுடைத்தாயை வீட்டில் விட்டுவிட்டு, வந்துவிடுவார். செண்பகவல்லி சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைப்பாள். மூன்று பேரும் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

காது மந்தமாகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசியதில்லை. செண்பகவல்லி அண்ணனிடம் பேசும்போது தானாகவே அவர் வலது பக்கமாக வந்து நிற்பாள். தளவாய் தெருவில் அவருக்கு வலது கைப்பக்கம் நடப்பார். நாள் போகப்போக எல்லோரும் கொஞ்சம் குரலை உயர்த்திக்கொண்டார்கள். இதெல்லாம் அன்பாகத்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்துப் பையன்கள் குரலை உயர்த்த முடியாது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் தளவாய் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஹெட்மாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. கணக்கு வகுப்பின் வராந்தாவில் ஜன்னலை ஒட்டி நின்றார். ஓட்டில் சாரல் சடசடத்தது. சுந்தரபாண்டியன் கரும்பலகைக்கு முகத்தைக் காட்டி, அழகான கையெழுத்தில் ஒரு கணக்கை வரிவரியாகப் போட்டுக்கொண்டு போனார். நடுப்பெஞ்சில் ஒருவன் எழுந்தான்.

"சார், அந்த ரெண்டாவது வரி எப்படி வந்துது சார்?"

சுந்தரபாண்டியன் திரும்பினார். பையனின் உதட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆமா, சரிதான். உக்காரு" என்று சொல்லிவிட்டு மறுபடி பலகைக்குத் திரும்பினார்.

பையன் உட்கார்ந்தான். வகுப்பில் ஒருவனும் சிரிக்கவில்லை. ஒருவனை ஒருவன் பார்த்துக்கொள்ளவும் இல்லை. சிரித்திருந்தால் தளவாய்க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் பழகிப்போயிருந்தார்கள். மணி அடிக்கும் வரை நின்றார். அதற்குப் பிறகு ஒரு பையனும் எழுந்து கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். செண்பகவல்லி ரசத்தை ஊற்றிவிட்டு நின்றாள்.

"என்ன, சாப்பிடாம யோசன?"

"உங்க அண்ணன் கிளாசுக்குப் போயிருந்தேன்."

"நீங்க எதுக்கு அங்க போனிய?"

அவர் சொன்னார். ஹைருன் பீவி வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"ஒரு கடையநல்லூர்க்காரி வந்து சொன்னான்னு எங்க அண்ணன வேவு பாக்கப் போனியளாக்கும்?"

"வேவு இல்லட்டி. நான் கமிட்டில இருக்கேன். பிள்ளைக வருசா வருசம் கணக்குல போறானுக. ஏன்னு நாங்கதான கேக்கணும்? கூரை ஒழுகுதான்னு பாக்கோம், சுண்ணாம்புக்குக் கணக்குப் பாக்கோம். பாடம் நடக்குதான்னு ஒரு பய பாத்ததில்ல."

"பாத்து என்ன செய்யப் போறிய? வேலைய விட்டு எடுக்கப் போறியளா? ஆவுடைத்தாய் மைனி என்ன செய்வா? அவுகளுக்குப் பிள்ளையா குட்டியா, யாரு கஞ்சி ஊத்துவா? பென்சன் கின்சன் உண்டா அந்தப் பள்ளிக்கூடத்துல?"

"இல்ல. அதத்தான் யோசிக்கேன். கட்டட நிதின்னு சேந்து கெடக்கு. வக்கீல் அவுக அப்பா பேர்ல ஒரு ஹால் கட்டணுங்காரு. அந்தப் பணத்துல உங்க அண்ணனுக்கு மாசாமாசம் ஒரு தொகை வச்சிட்டு, புது வாத்தியார் போடலாம்லா. ரெண்டு பேருக்கும் நல்லது."

"அவ்வளவு நல்லதுன்னா மொதல்ல எங்க அண்ணன்ட்ட போய்ச் சொல்லுங்க. அவுக சரின்னா சரி" என்றாள் செண்பகவல்லி. "அவுக மொகத்தப் பாத்துச் சொல்லுங்க பாப்போம்."

சொல்வதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் குற்றாலத்துக்குக் கூப்பிட்டார். வில்வண்டியில் போனார்கள். வழியெல்லாம் தென்னந்தோப்பு நனைந்து நின்றது. பேரருவியில் தண்ணீர் பொங்கி விழுந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெளியூர் ஆட்கள் கும்பலாக நின்றார்கள். சுந்தரபாண்டியனுக்கு அருவி என்றால் சின்னப்பிள்ளைக் குணம் வந்துவிடும். கூட்டத்தை விலக்கி உள்ளே போய்ப் பாறையோடு முதுகைக் கொடுத்து நின்றார். பக்கத்தில் தளவாய். தலையில் யாரோ கல்லை அள்ளிப் போடுகிற மாதிரி தண்ணீர் விழுந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோருக்கும் ஒரே காதுதான்.

அந்த இரைச்சலுக்குள் தளவாய்க்குத் திடீரென்று தைரியம் வந்தது. மச்சானின் முகத்துக்கு நேரே, வாய்க்குள் தண்ணீர் புகப் புகக் கத்தினார்.

"மச்சான், நீங்க வேலைய விட்டிருங்க. உங்களால முடியல. பிள்ளைக கெட்டுப் போறானுக."

சுந்தரபாண்டியன் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்துச் சிரித்தார். சுற்றி நின்றவர்களையும் காட்டினார். இங்கே ஒருத்தனுக்கும் கேட்காது என்று ஜாடை.

கரையேறித் துவட்டிக்கொண்டார்கள். கடையில் சுடச்சுட நேந்திரங்காய் வற்றல் வாங்கிக்கொண்டு கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். சுந்தரபாண்டியன் புளியோதரையை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"உள்ள நிக்கையில என்னமோ சொன்னியே மாப்ள, என்ன?"

தளவாய் அவர் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். சொன்னால் கேட்கும்.

"ஒண்ணுமில்ல மச்சான். தண்ணி பலமா இருக்குன்னேன்."

"ஆமா, இந்த வருசம் நல்ல பலம்" என்று சுந்தரபாண்டியன் மலையைப் பார்த்தார்.

ஆடி மாதம் கமிட்டி கூடியது. மச்சில் ஜன்னலை அடைத்துவிட்டு விளக்கை ஏற்றியிருந்தார்கள். மழை இருட்டு. தலைவர் காந்திமதிநாதன், ஹெட்மாஸ்டர், நூல்கடை முத்துராமலிங்கம், பிறகு எப்போதும் தலையாட்டுகிற இரண்டு பெரிய மனிதர்கள். வக்கீல் ஹாலுக்கு வரைந்த படத்தை விரித்துக் காட்டினார். முகப்பில் கல்லில் பெயர் வெட்ட இடம் விட்டிருந்தது. படம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. முத்துராமலிங்கம், "தளவாய் அண்ணாச்சி, மரம் உங்க பொறுப்புதான்" என்றார்.

தளவாய் எழுந்து நின்றார். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை.

"ஹாலுக்கு முந்தி ஒரு விசயம். நம்ம பள்ளிக்கூடத்துல கணக்குல எத்தன பேரு தேறுதான், எத்தன பேரு போறான்னு ஹெட்மாஸ்டர் சொல்லட்டும்."

ஹெட்மாஸ்டர் தலைவரைப் பார்த்தார். "கணக்குல கொஞ்சம் வீக்குதான்" என்றார் மெதுவாக.

"ஏன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். உங்க சம்பந்தம்னுதான் நான் வாயத் தொறக்கல."

வக்கீல் படத்தைச் சுருட்டினார். "என்னவே தளவாய், உம்ம மச்சான் விசயத்த நீரே பேசுதீரு?"

"நான்தான் பேசணும். வேற யாராவது பேசினா பொறாமைன்னு ஆயிரும். ஒரு அம்மா கடையநல்லூர்ல இருந்து வந்து எங்கிட்ட கேட்டுட்டுப் போறா. பீஸ் வாங்குதோம், கிராண்டு வாங்குதோம். அதுக்குப் பிள்ளைகளுக்கு என்ன குடுக்கோம்னு பாக்கத்தான நம்மள இங்கன உக்காத்தி வச்சிருக்கு? இல்லன்னா சேவு திங்கதுக்கா? நான் கேக்கது ரெண்டு. கணக்குக்குப் புது வாத்தியார் போடணும். சுந்தரபாண்டியன் சாருக்கு, அவர் உசுரோட இருக்க மட்டும், அந்தக் கட்டட நிதில இருந்து மாசம் ஒரு தொகை குடுக்கணும். ரெண்டும் சேந்துதான். பிரிக்கக் கூடாது."

காப்பி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மொத விசயம் நியாயம்" என்றார் வக்கீல். "நாளைக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நமக்குத்தான் அவமானம். ரெண்டாவது எப்படிவே முடியும்? ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லா வாத்தியாரும் கைய நீட்டுவான். கட்டடத்துக்குன்னு குடுத்த பணத்த வேற வழில எடுத்தா, குடுத்தவன் கேக்க மாட்டானா?"

"குடுத்தவன்ல நானும் ஒருத்தன். நான் கேக்கல."

"உங்க மச்சான்லா, நீங்க எப்படிக் கேப்பிய?" என்றார் முத்துராமலிங்கம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துவிட்டது.

கைதூக்கச் சொன்னார்கள். புது வாத்தியாருக்கு எல்லாக் கையும் எழுந்தது. மாதத் தொகைக்குத் தளவாயின் கை ஒன்றுதான்.

"அப்பம் நான் சொன்னத நான் திருப்பி எடுத்துக்கிடுதேன்" என்றார் தளவாய். "ரெண்டும் சேந்துதான்னு முதல்லயே சொன்னேன்லா."

"தீர்மானம் நிறைவேறியாச்சே. இப்பம் எப்படித் திருப்பி எடுப்பீரு?" வக்கீல் கோர்ட்டில் பேசுகிற குரலில் சொன்னார். "முன்மொழிந்தவர் தளவாய்னு போடுங்க ஹெட்மாஸ்டர். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நல்லது செஞ்சிருக்கீரு, வருத்தப்படாதேயும்."

மழையில் குடையை விரிக்காமல் வீட்டுக்கு நடந்தார் தளவாய். செண்பகவல்லி வாசலில் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடந்ததை அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணன்ட்ட முதல்ல சொன்னியளா?"

அவர் ஈரச் சட்டையைக் கழற்றினார். அவர் தலை துவட்ட அவள் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

வேலையை விட்டு எடுத்த உத்தரவு கைக்குக் கிடைத்த அன்று சுந்தரபாண்டியன் கடைக்கு வந்தார். நன்றாக வெளுத்த வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற உடுப்பு. அறுப்புக்காரர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு எழுந்து கும்பிட்டார்கள். அவர் அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தடிமேல் உட்கார்ந்தார். தளவாய் அவர் வலது பக்கம் வந்து நின்றார்.

"குத்தாலத்துல இதத்தான் சொன்னியா மாப்ள?"

"ஆமா மச்சான்."

"கரையேறினப் பெறவு கேட்டேன்லா. தண்ணி பலமா இருக்குன்ன."

தளவாய் தடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிய எல்லாரும்" என்றார் சுந்தரபாண்டியன். சத்தம் போடவில்லை. காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரிகூட இல்லை, மெதுவாகத்தான் பேசினார். "கிளாசுல பிள்ளைக கேள்வி கேக்கத விட்டுட்டானுகன்னு எனக்குத் தெரியாதா? பலகையப் பாத்து எழுதுதேனே, அது எதுக்கு? அவனுக மொகத்தப் பாக்க முடியாமத்தான். விட்டுரணும்னு தெரியும். விட்டா சோத்துக்கு என்ன செய்யன்னும் தெரியும். யாராவது ஒருத்தன் வந்து சொல்லட்டும், அன்னைக்கு விட்டுருவோம்னு நாளத் தள்ளிட்டே இருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன். சுந்தரபாண்டியன் போதும்னு விட்டுட்டான்னு ஊரு சொல்லியிருக்கும். இப்பம் கமிட்டி தள்ளி விட்டுதுன்னு ஆச்சு. முன்மொழிந்தவர் தளவாய்."

"மாசத் தொகை வாங்கிக் குடுக்கலாம்னுதான் மச்சான்..."

"அவனுக குடுப்பானுகன்னு நீ நம்புனியா?"

"நம்புனேன்."

சுந்தரபாண்டியன் அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் போய், தளவாய்க்காகப் பரிதாபப்படுகிற மாதிரி ஒரு பார்வை வந்தது. "நீ செஞ்சதத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் மாப்ள. அந்தப் பிள்ளைகளுக்கு அது நியாயம்தான். ஆனா நீ செஞ்சுட்டியேன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"கடைல வந்து உக்காருங்க. வரவு செலவு பாத்தாப் போதும்" என்று தளவாய் பின்னாலேயே தெருவரைக்கும் போனார். இடது பக்கமாக நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. சுந்தரபாண்டியன் திரும்பாமல் போனார்.

ஆவணி பிறந்ததும் அவரும் ஆவுடைத்தாயும் வீரகேரளம்புதூருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆவுடைத்தாயின் அப்பா வழியில் வந்த கொஞ்சம் நிலமும் ஒரு மண்சுவர் வீடும் இருந்தன. சாமான்களை ஏற்றிய வண்டி போகும்போது செண்பகவல்லி கூடவே ஊர் எல்லை வரை நடந்தாள். தளவாய் கடைக்குள்ளேயே இருந்தார்.

புது வாத்தியார் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார். சின்ன வயசு, கண்டிப்பானவர், சந்தேகம் கேட்காதவனை எழுப்பி நிறுத்திக் கேட்க வைப்பார். அடுத்த வருஷம் கணக்கில் பாதிக்கு மேல் தேறினார்கள். அதற்கடுத்த வருஷம் இன்னும் கூட. வக்கீல் கூட்டத்தில் தளவாயின் தோளைத் தட்டினார். ஹைருன் பீவியின் இளைய மகன் தேறித் திருநெல்வேலியில் ஒரு ஆபீசில் சேர்ந்தான்.

தளவாய் கமிட்டியை விடவில்லை. "இன்னுமா அங்க போறிய?" என்று செண்பகவல்லி ஒரு தடவை கேட்டாள். "போகாட்டா, உங்க அண்ணன வேலைய விட்டு எடுத்ததோட அது நின்னுரும்" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவள் இல்லை. வென்னீர் வைத்தாயிற்று, சோறு ஆயிற்று, மகளிடமிருந்து ஆள் வந்தது என்று வேண்டியதைச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சொதி வைப்பது மட்டும் நின்றுபோனது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் போகிறேன் என்று விடியுமுன்னே கிளம்புவாள், பொழுது சாயத் திரும்புவாள். அவர் சரி என்பார். ஒரே வீட்டில் இரண்டு பேர் அவரவர் பாட்டுக்கு இருந்தார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை தளவாய் ஏதாவது ஒரு வகுப்பில் கடைசிப் பெஞ்சில் போய் உட்காருவார். பாடம் புரியாது. பையன்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வந்தால் வாத்தியார்கள் விறைத்துப் போவார்கள். "மரக்கடை மெம்பர் வாறாரு" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் அவரோடு நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் வந்தால் வேலைக்கு ஆபத்து என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. கமிட்டியிலோ ஒவ்வொரு கூட்டத்திலும் வாத்தியார்களின் வயசு காலத்துக்கு ஒரு நிதி வேண்டும் என்று எழுந்து நிற்பார். எழுதிக்கொள்வார்கள், அடுத்த கூட்டம் பார்ப்போம் என்பார்கள். ஹால் கட்டியாயிற்று. அதற்கும் மரம் அவர் கடையிலிருந்துதான் போனது.

உலக யுத்த காலத்தில் வக்கீல் மதுரைக்குக் குடிபோனார். முத்துராமலிங்கம் தலைவரானார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. நாற்பத்து நாலாம் வருஷம் ஒரு கூட்டத்தில் தளவாய் எழுந்ததும், "நீங்க உக்காருங்க அண்ணாச்சி, இந்தத் தடவ நானே சொல்லுதேன்" என்று அவரே தீர்மானத்தை வாசித்தார். இனி ஓய்வு பெறுகிற வாத்தியார்களுக்குப் பள்ளிக்கூட நிதியிலிருந்து மாதத் தொகை. எல்லாக் கையும் எழுந்தது. முதலில் வாங்கப் போகிறவர் ஹெட்மாஸ்டர் சங்கரநாராயணன்.

"முன்னால போனவுகளுக்கு?" என்று தளவாய் கேட்டார்.

"அது முடியாதே அண்ணாச்சி. எங்க போய் நிறுத்த?" என்றார் முத்துராமலிங்கம்.

மறுநாள் தளவாய் வீரகேரளம்புதூருக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனதில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓட்டிய பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். சிற்றாற்றங்கரையில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தார்.

ஆவுடைத்தாய் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, ஒரு நிமிஷம் யாரென்று தெரியாமல் விழித்தாள். பிறகு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. அவுக தோட்டத்துல இருக்காக. கூப்பிட்டாக் கேக்காது, நீங்க போங்க."

சுந்தரபாண்டியன் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்து கறுத்திருந்தார். தளவாயைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். இப்போது ஒரு காதும் கேட்கவில்லை. தளவாய் குச்சியால் வரப்பு மண்ணில் தீர்மானத்தை எழுதிக் காட்டினார். உங்களுக்கு இல்லை என்பதையும் எழுதினார். சுந்தரபாண்டியன் குனிந்து வாசித்தார்.

"நல்லது மாப்ள. இனிமே ஒருத்தன் சோத்துக்குப் பயந்து பலகையப் பாத்து நிக்க வேண்டாம்" என்றார். அவருக்குத் தன் குரலின் அளவு தெரியவில்லை. வயல் தாண்டிக் கேட்டிருக்கும்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள் ஆவுடைத்தாய். கம்பஞ்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். பரிமாறிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"நீங்க இன்னைக்கு வாறதச் செண்பகம் சொல்லலியே. போன வெள்ளிக்கிழமைகூட வந்துட்டுப் போனாளே."

தளவாய் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்கினார்.

"மாசந்தவறாம வந்துருதா" என்று ஆவுடைத்தாய் தொடர்ந்தாள். "அரிசி, வெல்லம், அவுகளுக்கு வேட்டின்னு நீங்க குடுத்து விடுதியளே, அத வச்சுத்தான் அண்ணாச்சி எங்களுக்கு ஓடுது. நீங்க வரலியேன்னு மட்டும் அவுகளுக்கு ஒரு கொறை."

"வேல" என்றார் தளவாய். "கடைல ஆளு இல்ல."

கிளம்பும்போது ஆவுடைத்தாய் அவரைக்காயைப் பறித்து ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள். பழைய பச்சைச் சேலையின் கிழிசல். செண்பகவல்லி போன தடவை அரிசி முடிந்து கொண்டுவந்த துணி என்று சொன்னாள்.

பஸ்ஸில் அந்த முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சங்கரன்கோவில் என்று அவள் சொன்ன வெள்ளிக்கிழமைகளை நினைத்துப் பார்த்தார். தன் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தன்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடலாமா என்று கொஞ்ச தூரம் யோசித்தார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இடையில் ஒரு மேட்டில் இறங்கி எல்லோரோடும் சேர்ந்து பஸ்ஸைத் தள்ளினார்.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. செண்பகவல்லி அடுக்களையில் இருந்தாள். அவர் உள்ளே போய் முடிச்சை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் துணியைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது. அவர் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரைக்காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

இலை போட்டுச் சோறு வைத்தாள். பொரியலை வைத்தாள். எப்போதும் வைத்துவிட்டு உள்ளே போகிறவள் அன்றைக்குப் போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றார் தளவாய்.